நாலு வரிப் பூட்டு

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் பழைய கொம்பனியிலிருந்து ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தார். கொம்பனியின் ஆண்டு மலருக்கு நான் இருநூறு சொற்களில் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். பொருளையும் அவரே சொன்னார்: இணையத் தொலைக்காட்சிச் சந்தை வளர்வதற்காக நாங்கள் திறந்த நியமங்களை எப்படி முன்னின்று கொண்டுவந்தோம் என்பது.

"நல்ல விசயங்களை மட்டும் எழுதுங்கோ, மதாம் ஜசாந்த்" என்றார்.

என் பெயர் ஜெசிந்தா. அந்தக் கட்டடத்துக்குள் போன முதல் நாளே அதை ஜசாந்த் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெண் பேசியது பிரெஞ்சு. இங்கே வரப்போகிறவர்களும் தமிழர் இருவரைத் தவிர, பிரெஞ்சோ ஆங்கிலமோதான் பேசினார்கள். ஆனால் எல்லோருடைய பேச்சும் எனக்கு எங்கள் யாழ்ப்பாணப் பேச்சாகத்தான் நினைவில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

முன்னின்று கொண்டுவந்தோமாம். நாங்கள் கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றவர்கள். கதவு பெயர்ந்து விழுந்த பிறகு அதன்மேல் ஏறி நின்று, நாங்கள்தான் திறந்தோம் என்று படம் எடுத்துக்கொண்டவர்கள். இதை இருநூறு சொற்களில் எழுத எனக்கு வராது. எழுதினாலும் அவர்கள் போடப் போவதில்லை. ஆகவே எனக்கு வேண்டிய நீளத்துக்கு எழுதுகிறேன்.

படித்த காலத்தை நீட்டத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்தேன். எண்பதுகளின் கடைசியில் மொன்றியலுக்கு அகதியாக வந்து, ஷபனெல் வீதித் தையல் தொழிற்சாலையொன்றில் காற்சட்டைகளுக்கு ஸிப் தைத்தேன். பின்னேரங்களில் பிரெஞ்சும், பிறகு அந்தப் பிரெஞ்சிலேயே மின்னணுவியலும் படித்தேன். சான்றிதழ் கைக்கு வந்தபோது வயது முப்பத்தெட்டு. சென்-லோரான் பக்கம் ஒரு கொம்பனி தன் பரிசோதனைக்கூடத்துக்கு ஆள் தேடியது. சேர்ந்தேன். கடைசிவரை அங்கேதான் இருந்தேன்.

நான் சொல்லப்போவது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நடந்தது. அப்போது கொம்பனி இணையத் தொலைக்காட்சிக்கான பெட்டி செய்தது. திரைக்குக் கீழே வைக்கிற, தடித்த புத்தகம் அளவான கறுப்புப் பெட்டி. தொலைபேசி வயரில் வருகிற இணையத்திலிருந்து படத்தை எடுத்துத் திரையில் காட்டும். படத்தை அனுப்புகிற பெரிய கணினிக்குச் சேர்வர் என்று பெயர். அதையும் நாங்களே செய்து விற்றோம்.

இனி நியமம். இலங்கை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். ஒரு சுவரில் சின்ன வட்டத் துளைப் பிளக், அடுத்த சுவரில் பெரிய வட்டத் துளை, புதிதாகக் கட்டிய அறையில் சதுரத் துளை. மின்சாரம் ஒன்றுதான். ஆனால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் திரிய வேண்டும். துளை இந்த அளவில்தான் இருக்கும் என்று பல கொம்பனிக்காரர் கூடி ஒத்துக்கொண்டு, எவரும் எடுத்து வாசிக்கலாம் என்று வெளியில் வைக்கிற பத்திரம்தான் திறந்த நியமம். இணையத் தொலைக்காட்சியில் படத்தை எப்படிப் பொதி கட்டி அனுப்புவது, பெட்டி ஒரு சனலை எப்படிக் கேட்பது என்பதற்கெல்லாம் அப்போதே அத்தகைய பத்திரங்கள் இருந்தன. எங்கள் அலுமாரியிலும் இருந்தன. அவற்றை முழுதாக வாசித்தவர்கள் நானும் என் மேலதிகாரி மதாம் ஒடெத்தும் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

துணைத் தலைவர் கிரெய்க் வாசிக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. அவர் கூட்டங்களில் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் கீறி, உள்ளே ஒரு புள்ளி வைப்பார்.

"இதுதான் வாடிக்கையாளர். உள்ளுக்கு வர வாசல் இருக்கு. வெளியிலை போக வாசல் இல்லை. இதுதான் எங்கட வியாபாரம்."

எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருமுறை நான் கேட்டேன், வெளியே போக வாசல் இல்லை என்று தெரிந்தால் ஆர் உள்ளே வருவினம் என்று.

கிரெய்க் சிரித்தார். "ஜசாந்த், நீங்கள் பெட்டியைச் சோதியுங்கோ. சந்தையை எங்களிட்டை விடுங்கோ."

சந்தை என்று அவர் சொன்னது அந்த வருடம் மூன்று வாடிக்கையாளர்களை. அவர்களில் ஒருவர் அவருடைய மைத்துனர்.

எங்கள் ஆட்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை. தமிழ்ச் சனல்களை இணையத்தில் தருகிறோம் என்று அந்நாளில் கடைகளில் விற்ற பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசின. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், மன்னாரைச் சேர்ந்த பிலோமினா அக்கா என்னை மாதா கோவில் படியிலேயே மறித்துக்கொள்வார்.

"பிள்ளை, நீ பெட்டிக் கொம்பனியிலைதானே. எனக்குப் பெட்டி வித்தவன் கடையைப் பூட்டிப்போட்டுப் போட்டான். மற்றக் கடைக்காரன்ர சனல் இந்தப் பெட்டியிலை வருமோ?"

"வராதக்கா."

"ஏன்? வயர் ஒண்டுதானே?"

"வயர் ஒண்டுதான்."

"அப்ப?"

அந்த 'அப்ப?'வுக்கு எந்தக் கொம்பனியிடமும் நேர்மையான பதில் இருக்கவில்லை. அவர் வீட்டில் மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மூன்றாவதும் செத்த பிறகு, இனி ஒரு பெட்டியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சந்தை ஏன் வளரவில்லை என்று எங்கள் கூட்டங்களில் மணிக்கணக்காக ஆராய்ந்தார்கள். ஒருவராவது பிலோமினா அக்காவைக் கேட்டிருக்கலாம்.

மதாம் ஒடெத் பரிசோதனைக்கூடத்தின் தலைவி. கியூபெக்கின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். ஒல்லியான உடம்பு, கட்டையாக வெட்டிய நரைமுடி. கிரெய்க்கையும், தரை துடைக்க வருகிறவரையும் ஒரே மரியாதையோடுதான் அழைப்பார். குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை. அறிக்கைகளை இருந்து வாசிக்க மாட்டார். நின்றபடி, பச்சைப் பேனாவோடு வாசிப்பார்.

எங்கள் சோதனைத் தாளில் நான்கு நிரல்கள். எதை எதோடு இணைத்தோம், என்ன செய்தோம், என்ன கண்டோம், முடிவு. முடிவுக்கு மூன்று சொற்கள்தான் உண்டு: தேறியது, தேறவில்லை, சோதிக்கவில்லை. கீழே இரண்டு கையெழுத்துகள், செய்தவருடையதும் பார்த்தவருடையதும்.

சேர்ந்த முதல் கிழமை, மூன்றாம் நிரலில் நான் 'படம் நன்றாக இருந்தது' என்று எழுதினேன். அவர் 'நன்றாக' என்ற சொல்லைப் பச்சையால் சுற்றினார்.

"இது நீங்கள் நினைச்சது. என்ன கண்டனீங்கள்?"

"படம் வந்தது, மதாம்."

"எத்தினை தரம் பாத்தனீங்கள்?"

"மூண்டு, நாலு தரம்."

"முப்பது தரம் செய்யுங்கோ."

ஸ்டொப்வாட்சை ஒரு கையிலும் ரிமோட்டை மறுகையிலும் வைத்துக்கொண்டு முப்பது தரம் சனல் மாற்றினேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து முழுப்படம் வரும் வரை ஆன நேரத்தை முப்பது வரிகளில் எழுதினேன். பதினேழாம் தரம் படம் இரண்டு விநாடி சதுரம் சதுரமாக உடைந்தது. பிறகு இன்னும் இரு தரம் அப்படி நடந்தது. 'நன்றாக' என்ற ஒரு சொல்லுக்குள் நான் அத்தனையையும் மூடி வைத்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே சந்தேகம். எங்கள் விற்பனைப் பிரிவு அதை ஒரு பக்கத்துக்கு ஆறு தரம் எழுதும்.

இனி அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் கதை.

சென்-லோரன்ஸ் ஆற்றோரமாகக் காரில் ஐந்து மணி நேரம் கீழே போனால் சின்னச் சின்ன ஊர்கள் வரும். அங்கே ஊர்மக்களே சேர்ந்து நடத்துகிற ஒரு தொலைபேசிச் சங்கம் இருந்தது. அதன் பொறியியலாளர் முசியு ரோசேர். தொலைபேசி வயரிலேயே தொலைக்காட்சியும் கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவோடு வாதாடி, எங்கள் சேர்வரையும் பெட்டிகளையும் வாங்க வைத்தவர் அவர்.

எங்கள் முறையில் ஒரு வீட்டில் ஒருவர் சனலை மாற்றினால், பெட்டி முதலில் எங்கள் சேர்வரிடம் அனுமதி கேட்க வேண்டும். பொது நியமத்தில் அப்படி இல்லை. பெட்டி பக்கத்துத் தெருவில் இருக்கிற இணைப்புக் கருவியைக் கேட்கும், அது கொடுத்துவிடும். அனுமதி கேட்பது என்பது கிரெய்க்கின் வட்டத்துக்கு நாங்கள் போட்ட வேலி, வேறொன்றுமில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஹொக்கி ஆட்டம். இடைவேளை வந்தவுடன் அந்த ஊர்கள் முழுவதும் ஒரே நேரத்தில் ரிமோட்டை எடுக்கும். அத்தனை பெட்டிகளும் ஒன்றாக அனுமதி கேட்டால் எங்கள் சேர்வர் வாயைப் பிளந்துகொண்டு படுத்துவிடும். எல்லா வீடுகளிலும் திரை கறுப்பாகும். கியூபெக்கில் ஹொக்கி ஆட்டத்தின் நடுவில் திரையைக் கறுப்பாக்கிவிட்டு நீங்கள் சந்தையைப் பற்றிப் பேசக்கூடாது.

ஒரு குளிர்காலம் முழுவதும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரோசேர் கடிதம் போட்டார். பொது நியமப்படி வேலை செய்கிற வேறொரு கொம்பனியின் சேர்வரை வாங்கப் போகிறோம். உங்கள் பெட்டிகள் அதிலிருந்து படம் எடுக்குமா? சோதித்து, கையெழுத்திட்ட அறிக்கை தாருங்கள். அப்படிக் கேட்க ஒப்பந்தத்தில் அவருக்கு உரிமை இருந்தது.

கடிதம் வந்தது ஜூலையில். இங்கே ஜூலைக் கடைசியில் கட்டடத் தொழிலாளர் விடுமுறை என்று இரண்டு கிழமை பாதி மாகாணமே பூட்டிக் கிடக்கும். மதாம் ஒடெத்தும் ஏரிக்கரைக்குப் போய்விடுவார். போகிற அன்று கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

"முப்பது தரம். கண்டதை எழுதுங்கோ" என்றார்.

திங்கட்கிழமை வெறுமையான கூடத்தில் வேலையைத் தொடங்கினேன். ஒரு சாதாரண கணினியிலிருந்து, நியமத்தில் சொன்ன மாதிரியே, ஏரியில் ஒரு வள்ளம் போகிற படத்தை அனுப்பினேன். பெட்டியில் சனலை அழுத்தினேன். 'சேவை இல்லை' என்று எழுத்து வந்தது. மீண்டும் அழுத்தினேன். அப்போது கண்டேன். எழுத்து வருவதற்கு முன்னால், கண் வெட்டுகிற நேரத்துக்கு, திரையில் வள்ளம் வந்து போனது.

முப்பது தரமும் வந்து போனது. வலையமைப்பில் போகிற வருகிற செய்திகளைப் பதிகிற கருவியைப் பூட்டிப் பார்த்தேன். பெட்டி நியமப்படியே சனலைக் கேட்கிறது. படம் வந்து சேர்கிறது. ஒரு விநாடிக்குள் பெட்டி, போதும், அனுப்பாதே என்று தானே சொல்லிவிடுகிறது. விளங்காத ஒன்று அப்படிச் சொல்லாது. விளங்கியதுதான் சொல்லும்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் சிவநேசன் மட்டும் இருந்தார். எங்கள் பெட்டிக்கு மென்பொருள் எழுதுகிறவர்களில் ஒருவர். உரும்பிராய்க்காரர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் வீடு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கண்டதைச் சொன்னேன். அவர் புட்டுப் பெட்டியின் மூடியைத் திரும்பவும் மூடினார்.

"அக்கா, உதை வேறை ஆருக்கும் சொன்னனீங்களே?"

"இல்லை. ஏன்?"

"அது நான் எழுதினது." குரலைத் தாழ்த்தினார். "நாலு வரி. வாற படத்திலை எங்கட சேர்வர்ர அடையாளம் இருக்கோ எண்டு பாக்கும். இல்லாட்டி நிப்பாட்டும். அவ்வளவுதான்."

"அப்ப எங்கட பெட்டிக்குப் பொது முறை தெரியும்?"

"சிப் செய்தவன் எல்லாத்தையும் உள்ளுக்கு வைச்சுத்தானே தந்தவன். நாங்கள்தான் வாயைக் கட்டி வைச்சிருக்கிறம்."

"பிறகேன் படம் வந்திட்டுப் போகுது?"

"என்ர வரியள் எழும்பி வர முதல் சிப் படத்தைக் காட்டிப்போடும். அந்த ஒரு விநாடி திரையைக் கறுப்பாக்க இன்னும் ஒரு கிழமை கேட்டனான். கிரெய்க் வேண்டாமெண்டிட்டார். ஒரு விநாடியை ஆர் பாக்கப் போகினம் எண்டவர்."

பிறகு, நான் கேட்காமலே, "அம்மாவையும் அப்பாவையும் இஞ்சை கூப்பிட ஸ்பொன்சர் பண்ணி அலுவல் பாதியிலை நிக்குது, அக்கா. இப்ப வேலை போனா எல்லாம் குழம்பிப்போம்" என்றார்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அறிக்கையை எழுதினேன். மூன்றாம் நிரலில்: 'ஒரு விநாடிக்குக் குறைவான நேரம் முழுப்படம் தோன்றி மறைந்தது, முப்பது தரமும்.' முடிவு: தேறவில்லை.

அடுத்த நாள், மதாம் ஒடெத் இல்லாததால் தன்னிடம் போன அறிக்கையோடு கிரெய்க் வந்தார். அவர் பரிசோதனைக்கூடத்துக்கு வந்ததை அதற்கு முன் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன், இரண்டு தரமும் விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுவதற்காக. என் மேசை விளிம்பில் ஏறி இருந்தார்.

"தேறவில்லை எண்டுதானே முடிவு?"

"ஓம்."

"படம் நிண்டதோ?"

"இல்லை."

"அப்ப முடிவு சரி. ஆனா மூண்டாம் நிரல் கொஞ்சம் குழப்பமாய் இருக்கு. படம் தோன்றினது, மறைஞ்சது எண்டு கிடக்கு. வாடிக்கையாளர் ஏன் அதையெல்லாம் வாசிக்க வேணும்? 'படம் நிலைக்கவில்லை' எண்டு எழுதுங்கோ. பொய் எழுதச் சொல்லி நான் கேக்கேல்லை. சுருக்கமாய் எழுதச் சொல்லுறன்."

நான் எதிர்த்து நின்றேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நிற்கவில்லை. சிவநேசனுக்காகத்தான் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஐம்பது வயது, வாயைத் திறந்தால் வெளிநாட்டுப் பிரெஞ்சு, இனி எங்கே போய் வேலை தேடுவது என்பது மற்றப் பாதி. தாளை மாற்றி எழுதினேன். கையெழுத்து வைத்தேன். மதாம் ஒடெத் வைக்க வேண்டிய இடத்தில் கிரெய்க் வைத்தார். அன்றே அது ரோசேருக்குப் போனது. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, நான் எழுதிய வசனத்தில் ஒரு பொய்யும் இல்லை என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். பொய் இல்லாத வசனத்தை ஏன் அத்தனை தரம் நினைக்க வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து மதாம் ஒடெத் வெயிலில் சிவந்த முகத்தோடு வந்தார். நின்றபடி அறிக்கையின் பிரதியை வாசித்தார். பச்சைப் பேனா ஒரு சொல்லைச் சுற்றியது.

"நிலைக்கவில்லை" என்று வாசித்தார். "நிலைக்கேல்லை எண்டா, வந்ததோ?"

நான் மேசையில் கிடந்த ரிமோட்டை நேராக்கி வைத்தேன்.

"மதாம் ஜசாந்த், என்ன கண்டனீங்கள்?"

சிவநேசன் பெயரை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிரெய்க் வந்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"முசியு ரோசேர் வியாழக்கிழமை வாறார். அறிக்கையை அவர் நம்பேல்லை. கூட நிண்டு பாக்க ஒப்பந்தத்திலை இடமிருக்கு. அதே சோதனையைத் திருப்பிச் செய்வம். நீங்கள் செய்யிறியளோ, நான் செய்யட்டோ?"

"நான் செய்யிறன்."

ரோசேர் பெரிய உருவம். கட்டம் போட்ட சட்டை. அவர்கள் ஊர் வீடொன்றிலிருந்து கழற்றிய எங்கள் பெட்டியைக் குளியல் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"குழு முடிவெடுத்திட்டுது" என்றார். "தொலைக்காட்சியை நிப்பாட்டி, எல்லாப் பெட்டியையும் குப்பையிலை போடச் சொல்லுகினம். வாங்கச் சொன்னது நான். இந்தக் கிழமையோடை நானும் போக வேண்டியதுதான். அதுக்கு முதல் என்ர கண்ணாலை பாப்பம் எண்டு வந்தன்."

கிரெய்க் கைகளைக் கட்டிக்கொண்டு அனுதாபமாக நின்றார். அவர் அனுதாபப்படுகிறபோது தலையைச் சற்றுச் சரிப்பார்.

ரோசேர் கொண்டுவந்த பெட்டியையே பூட்டினேன். வள்ளத்தை அனுப்பிச் சனலை அழுத்தினேன். முதல் தரம் ரோசேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், காணவில்லை. இரண்டாம் தரம் கை நீட்டினார்.

"நில்லுங்கோ. ஒரு வள்ளம் தெரிஞ்சதெல்லே?"

"பழைய படம் பெட்டியின்ர நினைவிலை தங்கிக் கிடக்கும்" என்றார் கிரெய்க். "சின்னக் கோளாறு. இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது."

மதாம் ஒடெத் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளை இல்லை, கெஞ்சலும் இல்லை. அடுத்த படி என்ன என்று கேட்கிற பார்வை.

கூடத்தில் ஒரு சிறிய கமரா இருந்தது. நேரடியாகப் படம் பிடித்து அனுப்பிச் சோதிக்கிற நாட்களில் பாவிப்போம். அதை எடுத்துக் கணினியில் பூட்டி, முசியு ரோசேரின் முகத்துக்கு நேரே வைத்தேன்.

"இப்பிடியே நில்லுங்கோ, ஐயா. திரையை மட்டும் பாருங்கோ."

அழுத்தினேன். ஒரு கண்வெட்டு நேரம், கட்டம் போட்ட சட்டையோடு ரோசேர் திரையில் நின்றார். பிறகு 'சேவை இல்லை'.



"அது நான்" என்றார் ரோசேர். "இண்டைக்கு உடுத்த சட்டை. இது எப்பிடிப் பழைய படமாகும்?"

கிரெய்க் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

"பெட்டிக்கு இது விளங்குது" என்று ரோசேர் என் பக்கம் திரும்பினார். "பிறகு ஏன் நிப்பாட்டுது?"

"தொழில்நுட்ப ரீதியாய் இது மிகவும் சிக்கலான..." என்று கிரெய்க் தொடங்கினார்.

"சிக்கல் ஒண்டுமில்லை, ஐயா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பெட்டிக்குத் தெரியும். எங்கட மென்பொருள்தான் நிப்பாட்டுது. அதை எடுத்துவிட்டால் படம் நிக்கும். போன தரமும் நான் இதைத்தான் கண்டனான். எழுதேல்லை. அந்த அறிக்கையிலை இருக்கிறது என்ர கையெழுத்து. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னித்தேன் என்று ரோசேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. மீதி இருபத்தேழு தரத்தையும் நின்று பார்த்தார். மதாம் ஒடெத் கண்டதை எழுதினார். மூவரும் கையெழுத்து வைத்தோம். பிரதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பெட்டியைத் துவாயில் சுற்றி, ரோசேர் போனார். கிரெய்க் எங்களுக்கு முன்பே போய்விட்டார். அவருக்கு அவசரமாகச் சட்டத்தரணியோடு பேச வேண்டியிருந்தது.

மூன்று கிழமையில் பெட்டிக்குப் புதிய மென்பொருள் வெளியானது. சாப்பாட்டு அறையில் சிவநேசனைக் கேட்டேன், அந்த நாலு வரியை எடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று.

"எடுக்க ஒரு நிமிசம், அக்கா. அதுக்குப் பேர் வைக்கத்தான் அவைக்கு ரெண்டு கிழமை எடுத்தது."

வைத்த பெயர் 'சுதந்திரப் பதிப்பு'. பத்திரிகை அறிக்கையில், பல மாத ஆராய்ச்சியின் பின் எங்கள் பெட்டி இப்போது பொது நியமங்களை ஆதரிக்கிறது என்று இருந்தது. பூட்டைக் கழற்றியதைப் புதிய வசதி என்று விற்கிற துணிவு எல்லோருக்கும் வராது.

ஆனால் அதன் பிறகு நடந்ததை மறைக்க முடியாது. ரோசேரின் சங்கம் வேறு சேர்வரை வாங்கி, எங்கள் பெட்டிகளை வைத்துக்கொண்டது. ஹொக்கி இடைவேளைகள் அமைதியாகக் கழிந்தன. அவர் வேலையும் தப்பியது. அவர் அயல் சங்கங்களுக்குச் சொல்ல, இதுவரை எங்கள் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் பெட்டி கேட்டு எழுதினார்கள். பிடிக்காவிட்டால் நாளைக்கு வேறு கொம்பனிப் பெட்டியைப் பூட்டலாம் என்று தெரிந்ததால்தான் இன்று எங்களுடையதை வாங்கத் துணிந்தார்கள். மற்றக் கொம்பனிகளும் வந்தன. அவர்களுடைய பெட்டியில் சனல் சீக்கிரம் மாறியது. ஆகவே எங்களுடையதையும் சீக்கிரமாக்க வேண்டி வந்தது. பத்து வருடம் கூட்டம் போட்டுச் செய்ய முடியாததை அந்தப் பயம் ஒரு வருடத்தில் செய்தது. தமிழ்ச் சனல் விற்றவர்களும் மெல்ல மெல்லப் பொது முறைக்கு வந்தார்கள். பிலோமினா அக்காவும் மனம் மாறினார்; அவர் வீட்டில் கடைசியில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. "வயர் ஒண்டுதானெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்" என்று கோவில் வாசலில் என்னைக் குற்றம் சாட்டினார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

கிரெய்க் மாநாடுகளில் பேசத் தொடங்கினார். மேடையில் பலகை வைத்து வட்டம் கீறினார். இப்போது அதில் நிறைய வாசல்கள். "திறந்துவிடுங்கோ, சந்தை தானாய் வளரும். நான் இதைத் தொடக்கத்திலையிருந்தே சொல்லி வாறன்" என்று அவர் பேசுகிற காணொளியை வேலைக்கு வந்த புதியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் அதை இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாம் தரம், அவர் அதை உண்மையாகவே நம்புகிறார் என்று தெரிந்தது. அது இன்னும் மோசம்.

வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பெட்டிகளைப் பிரித்துத் தூசு தட்டுகிற பகுதிக்கு என்னை மாற்றினார்கள். ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். சிவநேசனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய பெற்றோரும் வந்து சேர்ந்தார்கள். பரிசோதனைக்கூடத்தை 'மறுசீரமைப்பதாக'ச் சொல்லி, அடுத்த வசந்தத்தில் மதாம் ஒடெத்தை வேளைக்கே ஓய்வுக்கு அனுப்பினார்கள்.

அவருடைய கடைசி நாளில் கோப்புகளை ஒழுங்குபடுத்த உதவிக்குப் போனேன். அந்தச் சங்கத்தின் கோப்பு கைக்கு வந்தது. உள்ளே இரண்டு அறிக்கைகளும் இருந்தன. ஜூலையில் நான் எழுதியது, பச்சை வட்டத்தோடு. அதன் பின்னால் ரோசேரின் கையெழுத்தோடு மற்றது.

"மதாம், இந்த முதலாவதை எடுத்துவிடட்டோ?" என்று கேட்டேன். "சரியானது பின்னாலை இருக்குத்தானே. இது ஒருத்தருக்கும் தேவைப்படாது."

அவர் பெட்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போன கிழமை கிரெய்க் வந்தவர். இந்தக் கோப்புத்தான் கேட்டவர். அவர் எடுக்கச் சொன்னது ரெண்டாவதை."

நான் முதலாவது தாளை ஏற்கெனவே கோப்பிலிருந்து கழற்றியிருந்தேன்.

"அவருக்கு ரெண்டாவது வேண்டாம். உங்களுக்கு முதலாவது வேண்டாம்." கடைசிப் புத்தகத்தை வைத்து மூடினார். "நான் ரெண்டையும் கண்டனான், மதாம் ஜசாந்த்."

தாளை அதன் இடத்திலேயே திரும்பக் கோர்த்து, கோப்பை மூடி, அலுமாரியில் வைத்தேன்.